அரைமணி அக்கா

நடுக்கோடையில் யாரும் ஏமாறுவதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும்போது, காலையில் வடித்த சோறு சாயங்காலத்துக்கு ஆகாது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆளை ஏமாற்றுவது கோடையின் தொடக்கம்தான். நேற்றுவரை போர்வைக்குள் சுருண்டு கிடந்திருப்போம். இன்றைக்குத் திடீரென்று சட்டைக் காலர் நனைந்துவிடும். ஆனால் கை இருக்கிறதே, அது இன்னும் குளிர்காலத்துக் கைதான். பாலை மேடைமேல் வைத்துவிட்டு வாசலில் பேசப் போய்விடும். கறியை மூடி வைத்துவிட்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடும். வெயில் வந்த சங்கதி உடம்புக்கு ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது, கைக்குத் தெரியப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இது புத்தகத்தில் படித்த ஞானம் இல்லை. அரைமணி அக்காவின் வாய்ச்சொல்.

அரைமணி அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு நோயாளிகள், மூன்று வேளை. அந்தச் சமையல்கூடத்தில் ஒரு விதி உண்டு. எந்த அண்டா இறங்கினாலும், அது வார்டுக்குப் போகுமுன் சமைத்தவர் ஒரு தட்டு சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நோட்டில் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பலாம். மற்றவர்கள் கரண்டியில் ஒட்டியதை நக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ரகம். இவள் அப்படியில்லை. தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாளானால், பெரிய டாக்டரே வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டாள்.

"அரை மணி பொறுங்க" என்பாள். அவ்வளவுதான் பதில். அதுவே அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "மாப்பிள்ளைகிட்டயும் அரை மணி பொறுங்கன்னேன், அவருக்கு என்ன அவசரமோ, போயிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இதை ஆஸ்பத்திரி வாசலோடு விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மகராசி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் மொத்தம் நாலு பேர். அக்கா, லிஃப்ட் ரிப்பேர் செய்யும் தம்பி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தம்பி மனைவி, அவர்களுடைய நாலு வயது மகள். மகளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கூப்பிடுவது 'வாலு' என்றுதான். இந்த நாலு பேர் சாப்பிடும் மேஜையிலும் முதல் தட்டு அக்காவுக்கு. அவள் சாப்பிட்டு முடித்த பிறகு அரை மணி நேரம் மற்ற மூன்று பேரும் ஆறிப்போகிற சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போதாததற்கு, ஃப்ரீசரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு காசை வைத்திருப்பாள். வீட்டில் ஆள் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? காசுக்குத் தெரியும். வெகுநேரம் போயிருந்தால் பனிக்கட்டி உருகி, காசு அடியில் போய் விழுந்திருக்கும். பிறகு மின்சாரம் வந்து தண்ணீர் திரும்ப உறைந்தாலும் காசு மேலே வராது. மேலே இருந்தால் சாப்பிடலாம், அடியில் இருந்தால் உள்ளே இருப்பது எல்லாம் குப்பைக்கு. தினமும் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தக் கிண்ணத்தைத்தான்.

ஏன் இப்படி என்று அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆறு வயதுத் தம்பியைக் காப்பாற்ற ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் எடுபிடியாகச் சேர்ந்தாள். வெயில் ஆரம்பித்த முதல் வாரம். முதல் நாள் மிஞ்சிய கோழியை, குளிர்காலத்தில் வைப்பது போலவே, அண்டாவோடு மூடி மேடையில் வைத்தார்கள். மறுநாள் சூடுபண்ணிப் பரிமாறினார்கள். ருசி பார்த்தவள் இவள்தான். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை, அவ்வளவு ருசியாக இருந்தது. ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று தம்பிக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். அன்றைக்கு விடுதியில் நாற்பத்தொரு பேர் படுத்துவிட்டார்கள். தம்பி மூன்று நாள் கண் திறக்கவில்லை. கையில் குழாய் செருகிக் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டு, இவனும் போனால் நானும் போய்விடுவது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பிழைத்துக்கொண்டான். உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது என்று சொல்லிவைத்தாள். முப்பத்திரண்டு வயதாகியும் அவன் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

தம்பி மனைவிக்கு இந்தக் கதை எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் கையால் செய்ததை இந்த அண்ணி சந்தேகத்தோடு தின்கிறாள் என்பதுதான். ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். போன மாதம் வாலுவின் பிறந்தநாளில்தான் வெடித்தது. லீவு போட்டு, முதன்முதலாக வீட்டிலேயே கேக் செய்திருந்தாள். நாலு மெழுகுவத்தியையும் ஏற்றியாகிவிட்டது. அக்கா ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மெழுகுவத்தி நாலும் உருகிக் கேக்கின்மேல் வழிந்து அணைந்தது. வாலு அழுது அழுது தூங்கிப்போனாள்.

"என் கையில என்ன விஷமா அண்ணி வச்சிருக்கேன்?" என்றாள் தம்பி மனைவி. அழவில்லை, கத்தவில்லை. அப்படிக் கேட்டதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பிக்கும் தெரிந்துவிடுமே. மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றாள்.

மறுநாளே தனிவீடு பார்க்கிற பேச்சு ஆரம்பித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. சாவிகூட ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். தம்பி திரிசங்கு மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கினான். கடைசியில் ஒரு நாள் அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை அவ அப்பா அம்மா சாப்பிட வர்றாங்க. அவதான் சமைக்கிறா. அன்னிக்கு ஒரே ஒரு நாள் அரை மணிங்கிற வார்த்தை உன் வாயில வரக்கூடாது. ஃப்ரிட்ஜைத் திறந்து ஆராய்ச்சி பண்ணக்கூடாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒண்ணா சாப்பிடணும். அன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா, வீடு மாத்தற பேச்சே வேணாம்னு அவளே சொல்லிட்டா."

"அன்னிக்கும் நான்..."

"அன்னிக்கும் பண்ணினேன்னா நாங்க போயிடுவோம்க்கா. என்னால தடுக்க முடியாது."

அக்கா தலையை ஆட்டினாள். போனால் வாலுவும் போய்விடுவாள். ராத்திரி தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குகிற பிள்ளை. தலையை ஆட்டாமல் என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி கோழியை வெட்டி மசாலா தடவி ஃப்ரீசரில் வைத்தாள். ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறைய, பாலும் முட்டையும் போட்டுக் கஸ்டர்டு செய்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் வெளியூரில் ஒரு கல்யாணம். நாலு பேரும் அன்று ராத்திரியே பஸ் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையே ஏன் செய்கிறாய் என்று அக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே, விழுங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வீட்டில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. ஞாயிறு விடிகாலை அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கை போய்விட்டது. பழக்கதோஷம். கையை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் வேலை முடித்துத் திரும்பியபோது மணி பதினொன்றே முக்கால். அந்த வருடத்தின் முதல் நிஜமான வெயில் அன்றைக்குத்தான். குப்பைக்கூடை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டு, வாசலெல்லாம் பினாயில் வாசனை. விருந்தாளிக்காகப் பெருக்கித் துடைத்திருக்கிறாள், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல வாசனை. தம்பி மனைவி வாலுவைக் குளிப்பாட்டி உள்ளறையில் தலைசீவிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கப் போயிருந்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் முன்னறையில் விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் கம்பத்தில் ஏறிய மனிதர். தரையில் நின்றால்தான் அவருக்குத் தலை சுற்றும் என்று அவர் சம்சாரம் சொல்வதுண்டு. பேச ஆரம்பித்தால் மெயின் ஸ்விட்சை அணைத்தால்தான் உண்டு.

"வாங்க தங்கச்சி" என்றார் அக்காவைப் பார்த்ததும். "என்னா வெயிலு! இனிமேதான் எங்க ஆளுங்களுக்குத் திண்டாட்டம். எல்லாரும் ஒரே நேரத்துல ஃபேனைப் போடுவான், மோட்டாரைப் போடுவான். இந்த ஏழு தெருவுக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர். நான் மாட்டினது. தாங்குமா? அதான் வெள்ளிக்கிழமை ராத்திரி படுத்துடுச்சு. நேத்து சாயங்காலம் நாலு மணிக்குத்தான் சரி பண்ணாங்களாம். நீங்க ஊர்ல இல்லாததால தப்பிச்சீங்க."

அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. நேற்று சாயங்காலம் நாலு மணி. கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம்.

"இருங்க, குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள். ஃப்ரீசரைத் திறந்தாள். மூலையில் கண்ணாடிக் கிண்ணம். பனிக்கட்டி கல்லாக உறைந்து, மேலே வழுவழுவென்று சமமாக இருந்தது. காசு அடியில் கிடந்தது.

கதவை மூடினாள். திரும்பத் திறந்து பார்த்தாள். இரண்டாம் தடவை பார்த்தால் காசு மேலே வந்துவிடுமா என்ன! அடியில்தான் கிடந்தது.

அடுப்பில் கோழி. மேஜையில், வலை மூடிபோட்டு, கஸ்டர்டு. எல்லாம் பதினெட்டு மணி நேரம் வெந்நீர்போல் வெதுவெதுத்துக் கிடந்தவை. சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம். முன்னறையில் அவளைப் பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே, 'உங்க பொண்ணு சமைச்சதை யாரும் தொடாதீங்க' என்று சொன்னால் அந்தப் பெண் சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிடுவாள். வாலுவும் போய்விடுவாள். சொல்லாவிட்டால்? வாலு சாப்பிடுவாள்.

தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள் அக்கா. ஒரு தட்டை எடுத்தாள். கொதிக்கிற கோழியில் நாலு துண்டு, ஒரு கை சோறு, ஓரத்தில் இரண்டு கரண்டி கஸ்டர்டு. பாத்திரம் துலக்குகிற இடத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, அள்ளி அள்ளி விழுங்கினாள். வாய் பொத்துப்போயிற்று. மணி பன்னிரண்டு பத்து. வாசனை நன்றாகத்தான் இருந்தது. ருசி அதைவிட நன்றாக இருந்தது. அதனால் என்ன? அன்றைக்கும்தான் நன்றாக இருந்தது.

நிமிர்ந்தபோது தம்பி மனைவி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல் அக்கா தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாய் நிறையச் சோறு. தம்பி மனைவி தட்டைப் பார்த்தாள், அக்காவின் வாயைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் இறுகிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முன்னறையில் அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போச்சு. எல்லாம் போச்சு என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. போனது போகட்டும், அரை மணி நேரத்தையாவது காப்பாற்றுவோம் என்று முன்னறைக்கு வந்தாள். வந்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து லைன்மேன் கதைகள் மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது.

"நீங்க ஒரு தடவை மழையில கம்பத்துல மாட்டிக்கிட்டீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சம்சாரம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதைக் கேக்காதீங்கம்மா, அது ரெண்டு நாள் ஓடும்!"

ஓடட்டும், ஓடட்டும் என்றிருந்தது அக்காவுக்கு. அவர் கம்பத்தில் ஏறினார், மழை பிடித்தது, கீழே ஏணியைக் காணோம். தம்பி நாற்காலிகளோடு வந்தான். வெள்ளரிக்காய் நறுக்கலாம் என்று அக்கா எழுந்தாள். கத்தியைக் காணோம் என்றாள். கத்தி அவள் கையிலேயே இருந்தது. தர்பூசணியை வெட்டி, வெட்டிய துண்டுகளை மறுபடி சின்னதாக வெட்டி, விதை எடுக்கிறேன் என்று உட்கார்ந்தாள். தம்பி அவளையே பார்த்தான். அவன் பார்வையில் கெஞ்சலும் கோபமும் சேர்ந்தே இருந்தன.

"அக்கா, போதும். வந்து உக்காரு."

மணி பன்னிரண்டரை. இன்னும் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் மட்டும் என்ன தெரிந்துவிடும்? அவளுக்கே தெரியும், அரை மணி நேரத்தில் ஒரு மண்ணும் தெரியாது. விடுதியில் அந்த நாற்பத்தொரு பேருக்கும் நாலு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியுமிருக்கிறார்: "உங்க அரை மணி மனசுக்குத்தாம்மா, வயித்துக்கு இல்ல." அது தெரிந்தும் இருபத்தாறு வருடம் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வேறு எதைப் பிடித்துக்கொள்வாள் பாவம்?

எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி சோறு போட்டாள், கோழி போட்டாள். அக்கா கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று தட்டையே பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. விஷம் ஏறுகிறதா, பயம் ஏறுகிறதா என்று அவளுக்கே விளங்கவில்லை. 'சொல்லுடி, சொல்லித் தொலையேன்' என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். 'சொன்னால் பிள்ளை போய்விடும்' என்று இன்னொருத்தி வாயைப் பொத்தினாள்.

அந்த நேரம் பார்த்து வாலுவின் பாட்டியம்மா கஸ்டர்டில் ஒரு கரண்டி எடுத்து, பேத்தியின் வாய்க்கருகே கொண்டுபோனாள். "ஆ காட்டு கண்ணு. ஒரு வாய். ஒரே ஒரு வாய்..."

அக்கா எப்போது எழுந்தாள், எப்படி மேஜையைச் சுற்றி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கரண்டி பறந்து சுவரில் அடித்தது. கஸ்டர்டு லைன்மேனின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. வாலு வீலென்று அலறினாள்.

"யாரும் சாப்பிடாதீங்க!" அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தொடாதீங்க! காசு அடியில கிடக்குது!"

லைன்மேன் தட்டை விட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்ன காசு? இவங்க என்ன சொல்றாங்க?" என்று அந்த அம்மா மகளைப் பார்த்தாள். தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா... ஒரு நாள்தானே கேட்டேன். ஒரே ஒரு நாள்."

தம்பி மனைவி எழுந்தாள். வாலுவைத் தூக்கித் தன் அம்மா மடியில் வைத்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். ஃப்ரீசர் திறக்கிற சத்தம். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். விட்டெறியப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; லைன்மேன் கையைக் குறுக்கே நீட்டவே நீட்டினார். அவள் எறியவில்லை. மேஜை நடுவில், கோழிக்குப் பக்கத்தில், டக்கென்று வைத்தாள்.

"இந்தக் காசை நான் காலையில ஆறு மணிக்கே பாத்துட்டேன் அண்ணி."

அக்கா கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோழியை எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். அடியில கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை பண்ணினது அத்தனையும், கோழி, கஸ்டர்டு, வெண்ணெய் வரைக்கும் குப்பையில கொட்டினேன். கூடையைக் கழுவிக் கவுத்தேன். இவர் தூங்கிட்டு இருந்தார், எழுப்பல. நானே போய்ப் புதுசா வாங்கிட்டு வந்து, எட்டு மணிக்கு ஆரம்பிச்சு எல்லாத்தையும் திரும்பப் பண்ணேன். கஸ்டர்டு பாத்திரத்தைப் பாருங்க. வெள்ளிக்கிழமை கண்ணாடி. இது எவர்சில்வர்."

அக்கா பார்த்தாள். எவர்சில்வர்தான். அரை மணி நேரமாகக் கண்ணெதிரே இருந்தது. காசைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் படவில்லை.

"நான் மருந்துக் கடையில வேலை பாக்கறவ. ஊசி மருந்து ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரம் நின்னாலே எங்களுக்கு வேர்க்கும். எனக்கு இது தெரியாதா? அஞ்சு வருஷமா தினமும் உங்களுக்கு அப்புறம் நானும் அந்தக் கிண்ணத்தைப் பாக்கறேன். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." குரல் முதல் தடவையாக உடைந்தது. "இன்னிக்கு நீங்க வீட்டுல இல்லையேன்னு, பாதி வெந்தப்பவே நாலு துண்டை எடுத்துத் தனியா வேக வச்சு, பத்தே முக்காலுக்கு நானே ஒரு தட்டு சாப்பிட்டேன் அண்ணி. கஸ்டர்டும் சேத்து. அரை மணி உக்காந்தேன். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்தேன். சாப்பிடப் போறது என் பொண்ணு இல்லையா?"

கிண்ணத்தை அக்காவின் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

"நாக்கை நம்பறீங்க, கடிகாரத்தை நம்பறீங்க, அஞ்சு காசுக்குப் பெறாத இந்தக் கிண்ணத்தை நம்பறீங்க. பின்னால போய் ஒளிஞ்சு நின்னு தின்னீங்களே, எதிர்ல நின்ன என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? 'ஏம்மா, இது எப்பப் பண்ணினது'ன்னு. அவ்வளவுதானே அண்ணி?"

அக்கா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாக அடைத்துவைத்தது அப்போதுதான் உடைந்தது. தேம்பலும் சொல்லுமாக, தலையும் வாலுமாக வந்தது. விடுதி, அண்டா, முதல் வெயில், டப்பா. தம்பியைப் பார்க்காமல் மேஜையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவனுக்கு வந்தது காய்ச்சல் இல்ல. நான் ஊட்டினதுதான். வேணாம் வேணாம்னான், இன்னும் ஒரு வாய்னு நான்தான் திணிச்சேன். என் கையாலயே..." அதற்குமேல் அவளால் முடியவில்லை.

தம்பி எழுந்தான். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னும் ஒரு வாய்னு சொல்லுவியே, அது எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றான். "காய்ச்சல் ஞாபகமே இல்ல."

அக்கா அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் வழிகிற கஸ்டர்டைத் துடைக்கப் போனாள். லைன்மேன்தான் தொண்டையைக் கனைத்தார். சட்டையில் ஒட்டியிருந்த கஸ்டர்டை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரு முதல் தட்டு சாப்பிட்டாச்சு. மூணாவதா நானும் சாப்பிட்டுட்டேன். இனிமேலாவது சோறு உண்டா, இல்ல கம்பத்துல ஏறின கதையைத் திரும்ப ஆரம்பிக்கவா?"

சாப்பிட்டார்கள். கோழி ஆறிப்போயிருந்தது. ஆனாலும் அந்த மேஜையில் ஏழாவது ஆளாக நடுவில் கிண்ணம் உருகிக்கொண்டிருக்க, ஆறு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அக்காவின் முதல் கவளம் பாதியில் நின்றது. வாலு வாயில் போட்டு மென்று விழுங்குகிறவரை பார்த்தாள். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும். அவர்கள் வீடு மாறினார்கள். பதினைந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், தம்பி மனைவியே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"எனக்குக் கோவம் இல்ல அண்ணி. சத்தியமா இல்ல. ஆனா எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். இறக்கினதும் சுடச்சுடச் சாப்பிடற மாதிரி. ஒரு வீடு ரெண்டு அரைமணியைத் தாங்காது."

அக்காவுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று பொய் சொல்லவில்லை. "எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா போயிட்டு வாங்க" என்றாள். ரெண்டு தெருதானே என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டார்கள். வாலு ஒரு பழைய முந்தானையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சாமான் ஏற்றிய வண்டி போன பிறகு, அக்கா பழக்கதோஷத்தில் ஃப்ரீசரைத் திறந்தாள். மூலை காலியாக இருந்தது. கிண்ணத்தைக் காணோம், காசையும் காணோம். கள்ளி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! இன்னொன்று வைத்தால் ஆயிற்று என்று டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். என்ன தோன்றிற்றோ, தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள். வெயில் கொளுத்திற்று. அக்கா பகல் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே சொன்னாள், மத்தியானம் மின்சாரம் போய்விட்டு இப்போதுதான் வந்தது என்று. எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்கும் தெரியவில்லை, தூங்கிவிட்டாளாம். ஃப்ரிட்ஜில் காலையில் வைத்த ஒரு கிண்ணம் கோழி இருந்தது. அக்கா அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். தனியாக இருக்கிற வீட்டில் முதல் தட்டு என்ன, கடைசித் தட்டு என்ன! கேட்டுவிடலாமா என்று போனை எடுத்தாள். ஒரு வார்த்தைதானே. எடுத்தவள், அவளுக்கு என்ன வேலையோ என்று கீழே வைத்தாள்.

வைத்த கையோடு போன் அடித்தது.

"அண்ணி, வேலையிலருந்து வந்தாச்சா?" பின்னால் வாலு பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம். "ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர்தானே, அதான் பாத்துட்டுச் சொல்றேன். காசு மேலதான் இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

அக்கா கோழியைச் சூடுபண்ணினாள். தட்டில் போட்டுக்கொண்டு, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.